படகின் நிறம்

மணிக்கு முப்பத்திரண்டு யூரோவுக்கு
எனக்குக் கணையத்தில் கட்டி.
பெயர் ஹில்யா, வயது ஐம்பத்தெட்டு,
பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுபவள்.
தாளில் அப்படித்தான் இருக்கிறது.
நேற்றிரவு மேடையில் நான் ஒரு மாலுமியின் விதவை;
அதற்குச் சம்பளம் இதைவிடக் குறைவு.

தம்பெரே. பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
மேசைமேல் கண் துடைக்கும் தாள் பெட்டி
(அதை எந்தப் பக்கம் வைப்பது என்று
கால் மணி நேரம் பேசினார்கள்),
சுவரோரம் ஒற்றைக்கண் கேமரா.

எனக்கென்று ஒரு வரி உண்டு:
“இந்த வசந்தத்தில் படகை இறக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன்.”
கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடி
ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும்.
கேட்டால் திற. கேட்காவிட்டால் மூடு.
அடைப்புக்குள்: அழலாம்.

முதலாமவர் டாக்டர் ரன்டாலா.
நல்ல மனிதர், நகம் கடிப்பவர்.
படகு என்றேன்.
“ஆமாம், கீமோ முடியும்வரை கனமானது எதையும் தூக்காதீர்கள்.”
மூடினேன்.

இரண்டாமவர் ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார்.
நான் படகு என்றேன், அவர் கல்லீரல் என்றார்.
கொஞ்ச நேரம் இருவரும்
வேறு வேறு நீரில் துடுப்பு போட்டோம்.
மூடினேன்.

மூன்றாவது ஓர் இளம்பெண்.
காலையில் சொல்லித்தந்ததை
ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள்.
பயமா? கோபமா? தூக்கம் எப்படி?
துயரத்துக்குப் பத்துக்கு எத்தனை?
ஆறு என்றேன்.
ஆறு என்று எழுதிக்கொண்டாள்.
ஆறு போய்விட்டது; படகு கரையிலேயே.

நான்காமவர் சிப்போனன்.
இருபத்தாறு வருடம் இதே துறை.
மனமில்லாமல் வந்தவர்,
அடிக்கடி பார்த்த கைக்கடிகாரம் சொன்னது.
என் வரியைச் சொன்னேன்.
பேனா நின்றது.
“என்ன நிறம்?”
“எது?”
“படகு.”

தாளில் அது இல்லை.
பதினொரு மாதமாக இந்த நோயை நடிக்கிறேன்,
யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.
“பச்சை,” என்றேன்.
“இடப்பக்கம் கொஞ்சம் ஒழுகும்.
நான் துடுப்பு போடுவேன், லாஸி தண்ணீர் இறைப்பார்.
அவருக்கு நீந்தத் தெரியாது.”
ஹில்யாவுக்குக் கணவன் உண்டென்று
அந்த நொடிவரை எனக்கே தெரியாது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பேசாமலிருப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்தான்;
ஆனால் கதவைச் சாத்திய மௌனம் வேறு,
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மௌனம் வேறு.
பதினேழு நொடி, பிறகு வீடியோவில் எண்ணினார்கள்.
அடைப்புக்குள் இருந்தது
அடைப்பை உடைத்துக்கொண்டு வந்தது.

எல்லாரும் பாராட்டியபோது
சிப்போனன் திரையைப் பார்க்கவில்லை.
“வியாழக்கிழமை ஒருவர் வந்தார்.
இந்த வருடம் விறகு வாங்கவில்லை டாக்டர் என்றார்.
நான் அவருக்கு வெள்ளணு எண்ணிக்கை சொன்னேன்.”
அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
“பெயர் உர்ஹோ. உர்ஹோ என்னவோ.”
மறுபடி கடிகாரம் பார்த்தார், இம்முறை வேறு மாதிரி,
போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்.
மறுமுனையில் எடுத்தார்களா தெரியாது.
கண்ணாடிக்கு அப்பால் முதுகு மட்டும்
நெடுநேரம் தெரிந்தது.

பயிற்சி நடத்தும் மெர்வி என் தாளை வாங்கி
பச்சை, இடப்பக்கம் ஒழுகும், கணவர் லாஸி
என்று பென்சிலால் சேர்த்தாள்.
“அழித்துவிடு,” என்றேன்.
“அடுத்த மாதம் எல்லாரும் நிறம் கேட்பார்கள்.”
ரப்பரைத் தேடினாள். கிடைக்கவில்லை.

டிராமில் உட்கார்ந்து ரசீது எழுதினேன்:
நான்கு மணி நேரம். நான்கு கட்டி.
அழுகை ஒன்று, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.
ஹெர்வந்தாவில் இறங்கும்போது
லாஸிக்கு யாராவது
நீச்சல் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று
கவலையாக இருந்தது.